செத்த துரையின் மூன்று நிமிடம் நாற்பது விநாடி

இந்தக் கண்டத்தில் எங்கள் செத்த துரையைப் போல அழகாகச் செத்தவர் வேறொருவர் இல்லை. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் கண்ணால் கண்ட சாவுகள் மட்டும் அறுபத்தேழு. மாடிப்படியில் நடந்த ஒத்திகைகளை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இருநூறைத் தாண்டும். நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் வற்புறுத்தமாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சிட்னிக்கு வந்தபோது இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த தமிழர்கள் இருபத்துமூன்று பேர். அதில் இரண்டு கைக்குழந்தைகள். எனக்கு ரயில்களின் நேர அட்டவணையைச் சரிபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. கந்தோரில் ஒரு நல்ல நிறுத்து கடிகாரமும் தந்திருந்தார்கள். தங்குவதற்குக் கிளீப் பகுதியில் ஒரு வாடகை விடுதி. மூன்று மாடி, பதினான்கு அறை, இரண்டே இரண்டு குளியலறை. வீட்டுக்காரி மோல்ட்டாத் தீவிலிருந்து வந்த ஒரு விதவை.

பெட்டியோடு முதல்நாள் கதவைத் தள்ளி உள்ளே போனேன். மாடிப்படியின் அடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செத்துக் கிடந்தார். ஒரு கால் மூன்றாவது படியில் மாட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. கையில் கசங்கிய கடிதம்.

நான் நாட்டுக்கு வந்து ஒன்பது நாள். முதலில் என் மனதில் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது விசா. பொலிஸ் வரும், நீ ஏன் இங்கே நின்றாய் என்று கேட்கும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

அப்போது வெங்காயம் வதங்கும் குசினியிலிருந்து வீட்டுக்காரி வந்தாள். இடுப்பில் ஈரத்துணிக் கூடை. பிணத்தைப் பார்த்தாள். பாவாடையை ஒரு சாண் தூக்கிப் பிணத்தைத் தாண்டினாள்.

"மேலே வா. உன் அறை இரண்டாம் மாடியில்."

"இவர்... இவர் செத்துப் போய்விட்டாரே!"

"இல்லை. வேலை செய்கிறார்."

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. "ஐயா, தாங்கள் நடுநிலையாளர் போலத் தெரிகிறீர்கள். கடிதம் இடக்கையில் இருத்தல் நன்றா, வலக்கையிலா?"

"இ... இடது."

"நன்றி. யானும் அவ்வாறே எண்ணினேன்." கண் மூடிக்கொண்டது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அது நீங்களும் நானும் பேசும் ஆங்கிலம் இல்லை. பால்காரனிடம் அரைப்போத்தல் பால் கேட்பதென்றாலும் கோட்டை வாசலில் நின்று கேட்பதுபோலக் கேட்பார். அதைச் செந்தமிழில் எழுதினால்தான் நான் கேட்டது உங்களுக்கும் கேட்கும்.

அவருடைய தொழில் வரலாற்றை அவரே ஆறு தடவை எனக்குச் சொன்னார். ஆறிலும் ஊர்களின் வரிசை மட்டும் மாறியது. இங்கிலாந்தின் வடக்கே மழை விடாத ஒரு நகரம். தகப்பன் தொப்பி செய்கிறவர். பதினாலாவது வயதில் ஊர்ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவோடு ஓடிவந்தார். இரண்டு வருடம் திரை இழுத்தார். பதினாறாவது வயதில் ஒருநாள் இரண்டாவது போர்வீரனாக நடிப்பவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகப் போய் ஈட்டி குத்தி விழுந்தார். விழுந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்றாளாம்.

"அந்த ஒரு சொல்லுக்காகவே ஐம்பது ஆண்டுகளாக விழுந்துகொண்டிருக்கிறேன்" என்பார் துரை.

லண்டன் மேடைகளில் நீதிபதி, மதகுரு, சமையல்காரன், நம்பிக்கைத் துரோகம் செய்யும் தம்பி என்று எல்லாமாக வந்தார். கதாநாயகனாக வந்ததில்லை. கேட்டால், மூக்கைக் காட்டுவார். மூக்கு அப்படி. படங்கள் பதினொன்று. அவர் விவரித்ததைக் குறித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினொரு படத்திலும் சேர்த்துத் திரையில் தோன்றியது பத்தொன்பது நிமிடம். அதில் ஏழு நிமிடம் படுத்த நிலையில். ஒரு படத்தில் கப்பலிலிருந்து கடலில் விழுகிறார். முகமே தெரியாது. ஆனால் தன் வாழ்நாளின் சிறந்த நடிப்பு அதுதான் என்று உறுதியாகச் சொல்வார்.

"முகமே தெரியவில்லையே?" என்றேன்.

"முதுகு பேசிற்று ஐயா."

ஒரு நாடகக் குழுவோடு அவுஸ்திரேலியாவுக்கு வந்தார். மெல்பேர்னில் அந்தக் குழு முறிந்தது. மற்றவர்கள் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். துரையும் பெட்டி கட்டிவிட்டார். அன்று காலை ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஆள் வந்தது. கால்வாய் ஓரத்தில் கிடக்க ஒரு பிணம் வேண்டுமாம், அரைநாள் வேலை. துரை பெட்டியை அவிழ்த்தார். பிறகு ஊர் திரும்ப அதைக் கட்டவேயில்லை. சிட்னியில் சாவுகள் அதிகம் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்துத் துப்பறியும் தொடர்களில் யாராவது செத்தால்தான் கதை தொடங்கும். முதல் ஐந்து நிமிடத்தில் துரை செத்துவிடுவார். மீதி ஐம்பத்தைந்து நிமிடமும் மற்றவர்கள் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இது எந்தக் கதாநாயகனுக்கும் கிடைக்காத மரியாதை என்பது அவர் வாதம். ஒரே தொடரில் அவரை மூன்று தடவை கொன்றார்கள். முதல் தடவை மீசையில்லாத வங்கி முகாமையாளர், இரண்டாம் தடவை மீசையுள்ள பாதிரியார், மூன்றாம் தடவை தாடியுள்ள படகுக்காரர். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். இறைச்சிக்கடைக்காரனுக்குத் தெரிந்தது. கடை நிறையச் சனம் நிற்கும்போது, "நீர் போன செவ்வாய்க்கிழமை செத்தவர் அல்லவா?" என்று கேட்டான்.

"செவ்வாய் மட்டுமன்று. வியாழனும்" என்று துரை தலை வணங்கினார்.

கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அன்று அவருக்கு எலும்பு இலவசம். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் ஏதோ பெரிய மனிதனோடு வந்தது போலத்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தவரை அவருடைய இரத்தம் சொக்லேட் பாகு. அறையில் மூன்று போத்தல் வைத்திருப்பார். கலர் வந்த பிறகு தக்காளிக் குழம்பும் தேனும் கலந்தார். "சுவை குறைந்துவிட்டது. விஞ்ஞானம் வளர்கிறது, கலை தேய்கிறது" என்று ஒரு கிழமை, ஏழு நாளும், புலம்பினார்.

வீட்டுக்காரி குசினிச் சுவரில் விதிகள் எழுதி ஒட்டியிருந்தாள். மொத்தம் ஒன்பது. எட்டு விதிகள் எல்லா விடுதியிலும் இருப்பவை: பத்து மணிக்கு மேல் விருந்தினர் கூடாது, அறைக்குள் மீன் பொரிக்கக் கூடாது, அந்த மாதிரி. ஒன்பதாவது: துணி துவைக்கும் நாட்களில் மாடிப்படியில் சாகக் கூடாது.

'செத்த துரை' என்று பெயர் வைத்தவர் கனகர். கனகசபை என்பது முழுப்பெயர். மேற்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தார். நாற்பது பையன்களை ஒரே சத்தத்தில் அடக்கும் குரல். அந்தக் குரலை அவர் வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கவில்லை. மனைவி பரமேஸ்வரி அக்காவோடு இரண்டு தெரு தள்ளி இருந்தார். சனிக்கிழமைகளில் அக்கா சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவருவார். கனகருடைய ஆங்கிலத்தையும் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுத வேண்டும். அவர் எந்த மொழி பேசினாலும் வட்டுக்கோட்டைதான் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினிக் கதிரைகளில் நாங்கள் மூவரும். துரை நாலாவது ரோல்ஸைக் கடித்தபடி கேட்டார்: "தங்கள் நாட்டு மேடையில் அரசர்கள் எவ்வாறு இறப்பர்?"

கனகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இளமையில் கோயில் வீதியில் நடந்த நாடகம் ஒன்றையும் விட்டதில்லை.

"டக்கெண்டு சாகமாட்டினம் துரை. ஆகக் குறைஞ்சது இரண்டு பாட்டு. முதல் பாட்டில வாளைக் கீழ வைப்பார். இரண்டாம் பாட்டில பிள்ளையளைக் கூப்பிடுவார். பிறகு விழுவார். விழுந்த விழுகை சனத்துக்குப் பிடிச்சுதெண்டால் 'வன்ஸ் மோர்' எண்டு கத்துவினம்."

"கத்தினால்?"

"எழும்பித் திருப்பிச் சாவார்."

துரையின் கையில் ரோல்ஸ் நின்றது. "இறந்தவர் எழுவாரா?"

"எழும்பாமல்? சனம் கேக்குதெல்லே! எழும்பிக் கும்பிட்டுப்போட்டு, அதே பாட்டை முதலில இருந்து பாடி, திருப்பி விழுவார். நாலு தரம் செத்த ஆளை நான் என்ர கண்ணால கண்டனான்."

"நாலு இல்லை, மூண்டு எண்டு போன மாதம் சொன்னீர்" என்றேன் நான்.

"ஐசே, உமக்கு எண்ணுறதைத் தவிர வேற வேலை இல்லையோ? சரி, மூண்டரை. நாலாந்தரம் பாதியில மழை வந்திட்டுது."

துரை அதைக் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "யான் பிறந்த நாடு பிழை" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் அவருக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. அவருடைய வாழ்நாளிலேயே பெரியது. ஒரு பழைய தொழிற்சாலையை மாற்றிக் கட்டிய சிறிய அரங்கம். நூற்றிருபது கதிரை. புது நாடகம். வறட்சியில் மந்தையெல்லாம் இழந்த ஒரு கிழட்டுப் பண்ணைக்காரனின் கதை. துரைதான் அந்தப் பண்ணைக்காரன். சுவரொட்டியில் அவர் பெயர் மூன்றாவது வரியில். அரங்கத்து வாசலில் அதன் முன்னால் என்னை நிறுத்தி, "எண்ணும்" என்றார். எண்ணினேன். மூன்றாவதுதான். "மேலிருந்து" என்று திருத்தினார்.

பண்ணைக்காரன் இரண்டாம் அங்கத்தின் முடிவில் சாகிறான். மகனிடமிருந்து கடிதம் வருகிறது, வரமாட்டேன் என்று. அதை வாசித்துவிட்டுத் தனியே சாகிறான். துரை ஆறு கிழமை இந்தச் சாவில் உழைத்தார். மாடிப்படியில், தாழ்வாரத்தில், என் அறைக் கட்டிலில். என் நிறுத்து கடிகாரத்தால் நேரம் பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. மறுநாளும் மூன்று நாற்பது. கட்டிலில் செத்தாலும் படியில் செத்தாலும் மூன்று நாற்பது. எங்கள் ரயில்கள் அப்படி ஓடியிருந்தால் எனக்கு உத்தியோகமே இருந்திராது.

இயக்குநர் ஓர் இளைஞன். தோள்வரை தலைமயிர், கழுத்தில் மரமணி, குளிர்காலத்திலும் வெறுங்கால். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். நாடகம் புதன்கிழமை தொடங்கியது. வெள்ளிக்கிழமை துரையைக் கூப்பிட்டான். கிழவர் சாவை ஒவ்வொரு நாளும் நீட்டிக்கொண்டே போகிறார், ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது, இந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு நேரம் சாவதில்லை என்றான். சனிக்கிழமை பகல் காட்சி மட்டும் வழக்கம்போல. மாலைக் காட்சியிலிருந்து பண்ணைக்காரன் கடிதத்தோடு உள்ளே போவான். திரைக்குப் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு ஒரு மணல் மூட்டை ஏற்பாடு செய்தாகிவிட்டது.

துரை விடுதிக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். சாகவில்லை, சும்மா உட்கார்ந்தார். வீட்டுக்காரி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.

"ஆறு நிமிடம் என்கிறான் ஐயா. யான் நீட்டுகிறேனாம். கைதட்டலுக்காக இழுக்கிறேனாம்." பிறகு மெல்ல, "என் மரணத்தை ஒரு மணல் மூட்டை நடிக்கப்போகிறது" என்றார்.

ஐம்பது வருடம் விழுந்த மனிதர். அவர் வாழ்க்கையில் அந்த மூன்று நிமிடம் நாற்பது விநாடிதான் அவருடையது என்று சொல்லக்கூடியது. "தேநீர் போடட்டுமா?" என்றேன்.

"நாளைப் பகல் என் கடைசி மரணம். நண்பர்களுடன் அவசியம் வருக" என்றார். சாவுவீட்டுக்கு முன்கூட்டியே அழைப்பு வந்தது எனக்கு அந்த ஒரு தடவைதான்.

கனகரிடம் சொன்னேன். அவர் இருபத்துமூன்று பேருக்கும் சொன்னார். பதினொரு பேர் வந்தார்கள். மூன்று பெண்கள் காஞ்சிபுரம் சேலைக்கு மேல் மழைக்கோட்டு. பரமேஸ்வரி அக்கா மடியில் ரோல்ஸ் டப்பா. அதன் வாசனை ஐந்தாவது வரிசையிலிருந்து மேடைவரை போயிருக்கும். மொத்தச் சனம் அறுபத்துநாலு பேர், எங்களையும் சேர்த்து. எனக்கு ஒரே பதற்றம். யார் இருமுவார்கள், யார் டப்பாவைத் திறப்பார்கள் என்று. எல்லாவற்றிலும் பெரிய பயம் கனகர்.

"ஐசே, இது கோயில் வீதி இல்லை. இஞ்ச சத்தம் போடப்படாது. எல்லாரும் தட்டினால் மட்டும் தட்டும்."

"நான் வாயே திறக்கமாட்டன்" என்று சொல்லி ஒரு பெப்பர்மின்ட்டைப் போட்டு வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் அங்கத்தின் முடிவு வந்தது. என் கை சட்டைப்பைக்குள் கடிகாரத்தில். துரை கடிதத்தைப் பிரித்தார், இடக்கையில். அமுக்கினேன்.

வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார். நாயைக் கூப்பிட விசிலடித்தார். நாய் முதல் அங்கத்திலேயே செத்துவிட்டது. அது நினைவு வந்து பாதி விசிலில் நிறுத்தினார். நெஞ்சில் கை போகவில்லை, கண் உருளவில்லை. கீழே பார்த்தார். நிற்பது செத்துப்போன மனைவி வாங்கிப் போட்ட கம்பளத்தில், காலில் சேற்றுச் சப்பாத்து. அவள் இருந்தால் ஏசுவாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மூச்சு வாங்கினார். மற்றதைக் கழற்றினார். இரண்டையும் கம்பளத்துக்கு வெளியே ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்தார்.

"ஐயோ, சப்பாத்தைக் கழட்டி வைக்கிறார் பாருங்கோ" என்று பரமேஸ்வரி அக்கா மூக்கை உறிஞ்சினார்.

பிறகு வெறுங்காலோடு கம்பளத்தின் நடுவுக்குப் போய், சாவதற்கு அனுமதி கிடைத்தவர்போல, விழுந்தார்.

கடிகாரத்தை நிறுத்தினேன். அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. அந்த நிசப்தத்தில், என் இடக்காதிலிருந்து ஆறு அங்குலத்தில்:

"வன்ஸ் மோர்!"

ஐம்பத்துமூன்று வெள்ளைத் தலைகள் திரும்பின. நான் கதிரையில் வழுக்கிக் கீழே போனேன். கனகர் என்ற பெயரில் எனக்கு எவரையும் தெரியாது என்பதுபோல மேற்கூரையைப் பார்த்தேன். கனகருக்கே தான் செய்தது அப்போதுதான் தெரிந்தது. பெப்பர்மின்ட் எங்களுக்கு முன்வரிசைப் பெண்ணின் தொப்பிக்குள் போயிருந்தது. மேடையின் ஓரத்தில், உள்ளே வந்து அலற வேண்டிய, பண்ணைக்காரனின் மகளாக நடித்தவள் தேநீர்த் தட்டோடு உறைந்து நின்றாள்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. எங்கள் வரிசையைப் பார்த்தது.

துரை எழுந்தார்.

அவசரப்படவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, கனகர் குசினியில் சொன்னபடியே, இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். பிறகு சப்பாத்துகளிடம் போனார். கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். நாடாவைக் கட்டினார், இரட்டை முடிச்சு. இதற்குள் சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. ஒருவர் விசிலடித்தார். திரைக்குப் பக்கத்தில் இயக்குநரின் வெறுங்கால் இரண்டும் அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. துரை எழுந்து, கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து, பிரித்தார். நான் கடிகாரத்தை அமுக்கினேன்.

சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்கிறேன். பாதி விசிலில். சப்பாத்து நாடாவுக்கு விரல் போனபோது, முன்பு நடக்கப்போவது தெரியாமல் பார்த்தவர்கள் இப்போது தெரிந்துகொண்டு பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. முன்வரிசைப் பெண், தொப்பிக்குள் பெப்பர்மின்ட்டோடு, அழுதாள். அவர் விழுந்ததும் அறுபத்துநாலு பேரும் எழுந்து நின்று தட்டினோம். அந்த மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.

காட்சி முடிந்ததும் நாங்கள் பின்பக்கம் போனோம். கனகர் குற்றவாளியாக முன்னே, நான் அவருக்குப் பின்னே மூன்று அடி தள்ளி. அலங்கார அறையில் துரை மூக்குப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் வாசலை மறித்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"கத்தியது யார்?"

"நான்தான் சேர்" என்றார் கனகர். "அவரில பிழையில்லை. எங்கட ஊர்ப் பழக்கம். நல்லாச் செத்தால் கேக்காமல் இருக்கேலாது. வேணுமெண்டால் என்னைப் பொலிசில குடுங்கோ."

"முதல்நாள் மேடையேறியவன்கூட இப்படிச் செய்யமாட்டான்!" என்று துரையிடம் திரும்பினான். "ஆறு நிமிடமே தாங்காது என்று நேற்றுத்தான் சொன்னேன். நீர் பன்னிரண்டு நிமிடம் செத்திருக்கிறீர்!"

துரை மூக்கைத் துடைத்து முடித்தார். பஞ்சை மடித்து வைத்தார். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மற்றவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறவன் இல்லை. ஆனால் கணக்குப் பிழையாக இருந்தால் எனக்குத் தொண்டை அரிக்கும்.

"மூன்று நிமிடம் நாற்பது விநாடி" என்றேன்.

"என்ன?"

"ஆறு இல்லை. மூன்று நாற்பது." கடிகாரத்தை நீட்டினேன். "ரயில் நேரம் பார்க்கிற கடிகாரம். பிழைக்காது. இரண்டாவது தடவையும் மூன்று நாற்பது. ஒத்திகையிலும் அதேதான். ஒரு விநாடி நீட்டியதில்லை."

அவன் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இரண்டு தடவையுமா?"

"இரண்டு தடவையும்."

"சப்பாத்தை ஏன் திரும்பப் போட்டீர்?" என்று துரையிடம் கேட்டான். குரல் இறங்கியிருந்தது. "வெறுங்காலோடே செத்திருக்கலாமே. நேரம் மிச்சம்."

"போடாவிட்டால் கழற்றுவது எவ்வாறு?" என்றார் துரை. "அவன் அவள் கம்பளத்தில் சேற்றோடு சாகமாட்டான். எத்தனை முறை கேட்டாலும்."

இயக்குநர் தன் வெறுங்கால்களைப் பார்த்தான். ஏனோ பார்த்தான். பிறகு நடைபாதையில் கிடந்த மணல் மூட்டையைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, "மாலையில் ஒரு தடவை. ஒரு தடவை மட்டும்" என்றான். இரண்டடி போய்த் திரும்பி, "முழுதாக" என்றான்.

அந்த நாடகம் ஒன்பது கிழமை ஓடியது. அந்தப் பகல் காட்சியில் ஒரு பத்திரிகைக்காரரும் இருந்திருக்கிறார். சப்பாத்து அவிழ்த்ததைப் பற்றி ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்து எழுதியிருந்தார். கடைசியில், பார்வையாளரிடையே சிறு குழப்பம் ஒன்று ஏற்பட்டதாகவும் ஒரு வரி. கனகர் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். காண்கிற ஆட்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்: "உதில சொல்லுற சிறு குழப்பம் நான்தான்."

எனக்கு ஒரு சிக்கல் மீந்தது. அந்தப் பகல் சாவை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? துரையிடம் கேட்டேன். "இரண்டு. தங்கள் நண்பரின் பெயரில் ஒன்று எழுதும்" என்றார். அறுபத்தேழில் அது சேர்ந்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலத்தில் துரை ஆஸ்பத்திரியில் காலமானார். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. தாதி சொன்னாள், மிக அமைதியாக, ஒரு நொடியில் என்று. நான் நம்பவில்லை. அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை.

கனகர் அப்போது கிளேட்டன் பக்கம் வேலை கிடைத்து மெல்பேர்னுக்குப் போயிருந்தார். தகனத்துக்கு வர விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார். முதன்முதலாக அவர் குரல் மெல்லக் கேட்டது.

"ஐசே, எனக்காக நீர் ஒண்டு செய்ய வேணும்."

"என்ன?"

"சொல்லும். உமக்குத் தெரியும் என்னெண்டு."

"செத்தவீட்டிலயோ? விசரோ உமக்கு? சனம் என்ன நினைக்கும்?"

"துரை என்ன நினைப்பார் எண்டு யோசியும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தகனச்சாலையில் பத்தொன்பது பேர். எங்களில் ஏழு. வீட்டுக்காரி முன்வரிசையில். இறைச்சிக்கடைக்காரன் ஏப்ரன் இல்லாமல். இயக்குநரும் வந்திருந்தான், தலைமயிர் கத்தரித்து, காலில் பளபளவென்று சப்பாத்து போட்டு. கையில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து அந்தப் பண்ணைக்காரனின் பழைய சப்பாத்துகளை எடுத்துப் பெட்டிக்குக் கீழே சோடி சேர்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஒரு நாடா மேலே வந்திருந்ததை எழுந்துபோய் மறுபடி சரிசெய்தான்.

பாதிரியார் பேசினார். ஒரு பாட்டு. அங்கே பெட்டிக்கு முன்னால் ஒரு திரை இருக்கும். முடிந்ததும் அது தானாக மூடும். ஊதா நிறத் திரை. மெல்ல மூடியது. எல்லோரும் கோட்டைத் தேடத் தொடங்கினார்கள். வெளியே அடுத்தவருக்கு வந்த சனம் காத்துநிற்பது கேட்டது.

நான் எழுந்து நின்றேன். தொப்பியைக் கதிரையில் வைத்தேன். சொன்னேன்.

"வன்ஸ் மோர்."

பதினெட்டுத் தலைகள் திரும்பின. நான் வழுக்கிக் கீழே போகவில்லை. நின்றேன்.

திரை அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிகாரத்தை எடுத்து அமுக்கினேன். மற்றவர்களும் ஏனோ எழும்பாமல் இருந்தார்கள். மூன்று நிமிடம் நாற்பது விநாடி கழித்துத்தான் தொப்பியைப் போட்டேன்.